இலவசக் கேஸ்காரர்களின் பெஞ்சு

அப்பாவின் முப்பதாம் நாள் பூசை முடிந்த மறுநாள் காலையில் சித்தப்பா எங்கள் பாதி நிலத்தில் ஏர் ஓட்டினார். பூசைக்கு வந்தவர்களுக்குச் சோறு போட்ட பாத்திரங்களை அம்மா அப்போதுதான் கழுவிக்கொண்டிருந்தாள். சாம்பல் ஒட்டிய கையோடு காட்டுக்கு ஓடினாள். நானும் பின்னால் ஓடினேன்.

"இன்னா தம்பி இது? எங்க பக்கத்துல ஓட்டறீங்க?"

சித்தப்பா மாட்டை நிறுத்தவில்லை. "எங்க பக்கம் ஒங்க பக்கம்னு ஏதுங்க அண்ணி? அண்ணன் இருந்த வரைக்கும் அண்ணன் பாத்தாரு. இனிமே நான் பாக்கறேன். ஆம்பளப் புள்ள இல்லாத வூட்டுக்கு நெலம் எதுக்குங்க? வெளயறதுல கஞ்சிக்கு நானே குடுத்துடறேன்." பிறகு என்னைப் பார்த்தார். "பாப்பாவையும் நானே ஒரு எடத்துல கட்டிக் குடுத்துடறேன்."

என்னையும் கஞ்சியையும் ஒரே மூச்சில் பேசிவிட்டு அவர் அடுத்த சாலுக்குத் திரும்பினார்.

நிலம் மொத்தம் நாலு ஏக்கர். பென்னாகரம் ரோட்டிலிருந்து மேற்கே இறங்கினால் வரும் மேட்டுக் காடு, நடுவே ஒரு கிணறு. தாத்தாவுக்குப் பிள்ளைகள் இரண்டே பேர், அப்பாவும் சித்தப்பாவும். பாட்டிக்குப் பின்னே தாத்தாவும் இறந்ததும் இருவரும் நடுவில் கல் நட்டு ஆளுக்குப் பாதி என்று பதினைந்து வருடம் பயிரிட்டார்கள். காகிதம் எதுவும் கிடையாது. எழுதுவதற்கு எங்கள் குடும்பத்தில் எழுத்துத் தெரிந்தவர் யாருமில்லை. பேனா பிடித்த முதல் கை என்னுடையது. கன்னியர் நடத்திய விடுதியில் தங்கிப் படித்து எஸ்.எஸ்.எல்.சி. தேறி, வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டுக் காத்திருந்தேன். அப்போது எனக்குப் பத்தொன்பது வயது.

ஊரில் யாரைக் கேட்டாலும் சித்தப்பா செய்தது சரி என்றார்கள். பெண்பிள்ளைக்கு ஏது பங்கு என்று பெண்களே சொன்னார்கள். பங்குச் சாமியாரிடம் போனோம். "ஒரே பீடத்துக்கு முன்னால முழங்கால் போடுறவங்க கோர்ட்டுக்குப் போகலாமாம்மா? சமாதானமாப் போங்க" என்றார். அன்று காலை சித்தப்பா கொடுத்தனுப்பிய சேவல் சாமியார் வீட்டுப் பின்கட்டில் கூடைக்கு அடியில் கொக்கரித்துக்கொண்டிருந்தது. சமாதானத்துக்கும் சேவலுக்கும் தொடர்பு உண்டென்று நான் சொல்லவில்லை. சேவல் இருந்தது என்று மட்டும் சொல்கிறேன்.

சேலத்திலிருந்து பிரிந்து தருமபுரி தனி மாவட்டமாகி எட்டு வருடம் ஆகியிருந்தது. ஊருக்குள் புதுக் கட்டடங்களோடு புது வக்கீல்களும் நிறைந்துவிட்டார்கள். முதல் வக்கீல் அம்மாவின் காதையும் கழுத்தையும் பார்த்தார். அங்கே ஒன்றுமில்லை என்று தெரிந்ததும் எங்கள் வழக்கிலும் ஒன்றுமில்லை என்றார். இரண்டாமவர், கோர்ட்டுக்குக் கட்ட வேண்டிய கட்டணத்தைச் சொன்னார். தம்முடைய கட்டணத்தைச் சொல்லும் முன்பே நாங்கள் எழுந்துவிட்டோம். தாலுகா ஆபீஸ் வேப்பமரத்தடியில் மனு எழுதுகிறவர் ஒருவர்தான் போகிற போக்கில் சொன்னார்: "ஞாயித்துக்கெழம வாங்க. பெரிய மனுசங்கல்லாம் சேர்ந்து ஏழைங்களுக்கு இலவசமா சட்டம் சொல்றாங்க."

ஞாயிறு காலை ஒன்பதிலிருந்து பதினொன்று வரை. ஏழைகளில் பூசைக்குப் போகிறவர்கள் யாரும் இருக்க மாட்டார்கள் என்று அந்தப் பெரிய மனிதர்கள் முடிவு செய்திருந்தார்கள் போலும். பூசை தப்பியதற்காக அம்மா பாவசங்கீர்த்தனம் செய்து, அபராதமாக ஐம்பத்துமூன்று மணிச் செபம் வாங்கி வந்தாள். நிலம் பிடுங்கிய சித்தப்பாவுக்கு எத்தனை மணி கொடுத்தார்கள் என்று கேட்டேன். வாயை மூடு என்றாள்.

ஒரு வாசகசாலைக் கூடத்தில் மேசை போட்டு நாலைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். எங்களைவிட மேசைமேல் இருந்த ரோசாப்பூக்களை அவர்கள் அன்பாகப் பார்த்தார்கள். பதிவேட்டில் எங்கள் பெயரை எழுதிவிட்டு, தலைவர் மைப்பெட்டியை என் பக்கம் தள்ளினார்.

"கட்ட விரல வைம்மா."

நான் பேனாவைக் கேட்டு வாங்கி ஆங்கிலத்தில் கையெழுத்துப் போட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். "பரவாயில்லையே" என்றார். எனக்கு அவரைப் பற்றி அப்படிச் சொல்லத் தோன்றவில்லை.

எங்களை ஒரு வக்கீலிடம் ஒப்படைத்தார்கள். இனி ஒவ்வொரு சனிக்கிழமையும் அவர் வீட்டு முன்னறைக்குப் போக வேண்டும். அங்கே இரண்டு பெஞ்சுகள். சாய்மானம் உள்ளது மின்விசிறிக்கு அடியில். சாய்மானம் இல்லாதது வாசலில், செருப்புகளுக்குப் பக்கத்தில். குமாஸ்தா எங்களைப் பார்த்ததும் செருப்புப் பக்கம் கை காட்டினார்.

"இலவசக் கேஸா? அங்க குந்துங்க. ஆம்பள யாரும் வரலியா?"

"ஆம்பள இருந்தா இங்க ஏங்க வர்றோம்?" என்றாள் அம்மா.

"இந்தப் பொண்ணு?"

"எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் பண்ணியிருக்கேங்க" என்றேன். கேட்காமலே சொன்னேன். அதைச் சொல்லாமல் எந்த வாசலையும் நான் தாண்டியதில்லை.

"அட. எழுத்து நல்லாருக்குமா?" என்று கேட்டுவிட்டு அவர் ஒரு கட்டுக் காகிதத்தைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தார். "சும்மாதான குந்தியிருக்க. இதுல ரெண்டு காப்பி எழுது."

அது வேறு யாரோ போட்ட வழக்கின் பிராது. அடுத்த சனிக்கிழமை இன்னொருவருடையது. விசிறிக்கு அடியில் உட்கார்ந்த கட்சிக்காரர்களின் பிராதுகளைச் செருப்புகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நான் நகல் எழுதினேன். இலவச உதவி என்பது யார் யாருக்குச் செய்வது என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. வக்கீல் எங்களோடு பேசிய நேரத்தையெல்லாம் சேர்த்தாலும் ஒரு செபமாலை சொல்லும் நேரம் வராது. ஆனால் என் கையெழுத்தைக் குமாஸ்தா ஊரெல்லாம் மெச்சினார். சொல்ல வெட்கமாக இருக்கிறது, எனக்கும் அது பிடித்திருந்தது.

எல்லாப் பிராதுகளும் ஒரே மாதிரி தொடங்கும். வாதி இன்னார், பிரதிவாதி இன்னார். இரண்டாவது பாராவில், இரு தரப்பாரும் இந்து மித்தாட்சர சட்டத்துக்கு உட்பட்ட கூட்டுக் குடும்பத்தினர். இருபது தடவை எழுதிய பிறகு அந்த வரி கையிலிருந்து தானாக வந்தது. எங்கள் பிராதைக் குமாஸ்தா சொல்லச் சொல்ல நானே எழுதினேன். இரண்டாவது பாராவை அவர் சொல்லும் முன்பே எழுதி முடித்து, அடுத்த வரி என்ன என்று நிமிர்ந்து பார்த்தேன்.

கோர்ட்டுக் கட்டணம் கட்ட வழியில்லாதவர்கள் தங்களைப் பாப்பர் என்று அறிவிக்கச் சொல்லி மனுப் போட வேண்டும். உடுத்தியிருக்கும் துணியும் வழக்கில் உள்ள சொத்தும் போக, நூறு ரூபாய் பெறுமான பொருள்கூட இல்லை என்று காட்ட வேண்டும். அதைச் சரிபார்க்க ஊர் மணியக்காரர் எங்கள் வீட்டுக்கு வந்தார். எந்நேரமும் சித்தப்பாவோடு சீட்டாடுகிற மனிதர். பித்தளைக் குடத்தைத் தட்டிப் பார்த்தார். வெள்ளாடுகள் இரண்டின் வாயைத் திறந்து பல் பார்த்தார். சுவரில் இருந்த திரு இருதய ஆண்டவர் படத்தைக் கழற்றி, சட்டம் என்ன மரம் என்று ஆராய்ந்துவிட்டு, "சாமி படம் ஒன்று" என்று எழுதினார். கடைசியில் என் மணிக்கட்டைப் பார்த்தார். எழுதிக்கொண்டார்.

விசாரணை நாளில் சித்தப்பாவின் வக்கீல் என்னைக் கூண்டில் நிறுத்தி அதிலேயே தொடங்கினார்.

"கையில கட்டியிருக்கறது என்னம்மா?"

"வாட்சுங்க."

"பாப்பர் மனு. வாட்ச் கட்டின பாப்பர். கோர்ட்டார் கவனிக்கணும்." சுற்றிலும் சிரிப்பு. "சரி, இப்ப மணி என்ன? உன் வாட்சப் பாத்துச் சொல்லு."

எதிர்ச்சுவரில் பெரிய கடிகாரம் இருந்தது. நிமிர்ந்து அதைப் பார்த்துச் சொல்லியிருக்கலாம். பார்க்க மாட்டேன் என்று என் கழுத்து பிடிவாதம் பிடித்தது.

"சொல்லும்மா."

"ஓடாதுங்க."

"சத்தமா."

"இது ஓடாதுங்க. நின்னுபோயி ரெண்டு வருசமாச்சுங்க."

இந்த முறை சிரிப்பு அடங்க நேரமாயிற்று. நீதிபதி நாற்காலியில் இருந்த முன்சீப் சிரிக்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பியவர்போல் கேட்டார்: "ஓடாத வாட்சை எதுக்கும்மா கட்டியிருக்கே?"

பதில் இருந்தது. விடுதித் தோழி ஒருத்தி வேண்டாமென்று போட்டதை நான் கேட்டு வாங்கினேன். வாட்ச் கட்டிய பெண்ணை ஆபீஸ்காரர்கள் 'வாங்க' என்கிறார்கள், வெறுங்கைக்காரியை 'வா' என்கிறார்கள். அதைச் சொல்லியிருந்தால் அவர் எழுதிக்கொண்டிருப்பார். கோர்ட்டுக் காகிதத்தில் ஏறுவதற்கு அந்த ஒன்றையும் நான் கொடுக்கத் தயாராக இல்லை. முன்சீப் கடிகாரத்தைக் கழற்றச் சொல்லி வாங்கிக் காதில் வைத்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். மனு அனுமதிக்கப்பட்டது.

வெளியே வந்ததும் அம்மா என் கையைப் பிடித்தாள். "செயிச்சுட்டமா?"

"நாம ஏழைங்கதான்னு தீர்ப்பாயிருச்சும்மா."

"அதுக்கா இத்தினி நாளு? என்னியக் கேட்டிருந்தா நான் சொல்லியிருப்பேனே."

மூன்று மாதம் கழித்துச் சித்தப்பாவின் பதிலுரை வந்தது. வக்கீல் முதல் முறையாக எங்களை உள்ளே கூப்பிட்டார். அவர் முகத்தில் இரக்கம் இருந்தது. அது நல்ல அறிகுறி இல்லை.

"நெலம் பிரிக்கப்படாத கூட்டுக் குடும்பச் சொத்து, அண்ணன் போனதும் மொத்தமும் தம்பிக்குத்தான்னு சொல்றாங்க. நடுவுல கல்லு நட்டது வேலைச் சௌகரியத்துக்குத்தானாம். வாதிங்களே இரண்டாவது பாராவுல கூட்டுக் குடும்பம்னு ஒத்துக்கிட்டிருக்காங்கன்னு எடுத்துக் காட்டியிருக்காங்க. இழுத்துக்கிட்டே போகும். பேசாம ராஜி பண்ணிக்கலாம். ரெண்டு பேருக்கும் சோத்துக்கு வழி பண்ணித் தரச் சொல்றேன்."

கஞ்சிக்குக் கொடுக்கிறேன் என்று ஏர் பிடித்தபடி சித்தப்பா சொன்னதைத்தான் இந்த மனிதர் நாற்காலியில் உட்கார்ந்து சொன்னார். அதற்கு ஒன்றரை வருடச் சனிக்கிழமைகள் பிடித்திருந்தன.

யோசித்துச் சொல்கிறோம் என்று பெஞ்சுக்கு வந்தோம். அன்று குமாஸ்தா வரவில்லை. நகல் வேலையும் இல்லை. பெஞ்சுக்குப் பின்னால் இருந்த அலமாரியில் தடித்தடியான புத்தகங்கள் இருந்தன. வக்கீல் அவற்றைத் தொட்டதாகத் தெரியவில்லை, தூசி கலையாமல் இருந்தது. வாரிசு பற்றி என்று தோன்றியதை எடுத்தேன். இந்தியன் சக்ஸெஷன் ஆக்ட். ஆங்கிலம் கரடுமுரடாக இருந்தது. இரண்டு சனிக்கிழமைகளும் விடுதியிலிருந்து கொண்டுவந்த கிழிந்த அகராதியும் தேவைப்பட்டன. யாருக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்று ஒரு பட்டியல் இருந்தது. இந்துக்கள், முகம்மதியர்கள் என்று போயிற்று. கிறிஸ்தவர்கள் அந்தப் பட்டியலில் இல்லை.

படித்ததை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். மூன்று தலைமுறையாக எங்களுக்கு ஞானஸ்நானம். பெயர்கள் எல்லாம் அர்ச்சிஷ்டவர்களின், அதாவது புனிதர்களின், பெயர்கள். ஊரே வேதக்காரர்கள். ஆனால் பாகம் பிரிக்கும்போது மட்டும் பழைய சாதி வழக்கம், அது எங்களுடையதுதானா என்று ஒருவரும் கேட்டதில்லை. வக்கீல் கேட்கவில்லை, குமாஸ்தா கேட்கவில்லை, ஆண்டவர் படத்தையே கையில் எடுத்துப் பார்த்த மணியக்காரர் கேட்கவில்லை. பதினோரு வருடம் கன்னியர் பள்ளியில் ஞானோபதேசம் படித்த நான், என்னை நானே இந்து மித்தாட்சரக் குடும்பம் என்று அழகான கையெழுத்தில் நாலு நகல் எழுதிக் கொடுத்திருந்தேன். மற்றவர்களை நினைத்துச் சிரிக்க முடிந்தது. இதை நினைத்தால் இன்றும் காது சூடாகிறது.

உள்ளே போய்ப் புத்தகத்தை மேசைமேல் விரித்தேன்.

"சார், நாங்க வேதக்காரங்க."

வக்கீல் பக்கத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அத ஏம்மா மொதல்லயே சொல்லல?"

"நீங்க கேக்கலீங்க. எம் பேர மட்டும் ஒவ்வொரு தடவயும் கேட்டீங்க."

அவர் என் பெயரை மெல்ல ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டார். வானத்து அர்ச்சிஷ்டவர்களின் வரிசையில் பாதிப் பேர் அவருடைய வழக்குக் காகிதங்களில் இருந்தார்கள், அப்பா பெயர், தாத்தா பெயர், சித்தப்பா பெயர் உட்பட. சித்தப்பாவின் வக்கீலும் அதைப் படித்தவர்தான். இருவரும் சட்டம் படித்தவர்கள்.

பிராதைத் திருத்த மனுப் போட்டோம். கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறப்பால் கூட்டுச் சொத்து கிடையாது. தாத்தா இறந்த அன்றே பாதி அப்பாவுடையது. அப்பாவின் பாதியில் மூன்றில் ஒன்று அம்மாவுக்கு, மீதி இரண்டும் பிள்ளைக்கு. அந்தப் பிள்ளை ஆணா பெண்ணா என்று சட்டம் கேட்கவில்லை. எங்கள் வக்கீல் இதையெல்லாம் கோர்ட்டில் தாமே இரவு பகலாகத் தேடிக் கண்டுபிடித்தவர்போல் கையை வீசிச் சொன்னார். நான் நகல்காரி. கேட்டுக்கொண்டிருந்தேன்.

சித்தப்பா கூண்டில் ஏறினார். திருவிழாவில் மாதா சுரூபத்துக்குக் குடை பிடிப்பவர், கோயிலில் முதல் வரிசைக்காரர்.

"நீங்க கிறிஸ்தவரா இல்லியா?" என்று கேட்டார் எங்கள் வக்கீல்.

சித்தப்பா யோசித்தார். இல்லை என்றால் மறுநாள் கோயிலுக்குள் நுழைய முடியாது. ஞானஸ்நானப் புத்தகம் சாமியாரிடம் இருந்தது, எத்தனை சேவல் போனாலும் அதில் எழுதியதை அழிக்க முடியாது.

"கோயிலுக்கு வேதக்காரங்கதாங்க" என்றார். "நெலத்துக்கு எங்க சாதி வழக்கங்க."

முன்சீப் பேனாவைக் கீழே வைத்தார். "ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க."

"ரெண்டுந்தாங்க" என்றார் சித்தப்பா. அவர் பொய் சொல்லவில்லை. ஊர் முழுக்க அப்படித்தான் வாழ்ந்தது. அன்று அவரை முழுசாக வெறுக்க எனக்கு வாய்ப்பில்லாமல் போனது. அதற்காகவும் அவர்மேல் எரிச்சல் வந்தது.

தீர்ப்பு எங்கள் பக்கம் வந்தது. கோர்ட்டு அனுப்பிய கமிஷனர் வந்து சங்கிலி போட்டு அளந்தார். அப்பா நட்ட கல் ஓரடிகூட நகரவில்லை. கிணறு இரண்டு பேருக்கும் பொது என்று ஆயிற்று. இலவசச் சட்ட யோசனைக்காரர்கள் ஆண்டுவிழாவில் எனக்கு மாலை போட்டு இரண்டு வார்த்தை பேசச் சொல்ல விரும்புவதாகக் குமாஸ்தா சொல்லியனுப்பினார். விழா ஞாயிறு காலையில்தான். பூசை இருக்கிறது என்று பதில் எழுதினேன். கையெழுத்து அவருக்குத் தெரியும்.

பட்டா மாற்ற அம்மாவும் நானும் கர்ணம் வீட்டுக்குப் போனோம். அவர் தீர்ப்பு நகலைத் தலைகீழாகவும் நேராகவும் பார்த்துவிட்டுப் பேரேட்டைத் திறந்தார்.

"அம்மா பேருல எழுதிடட்டுங்களா? பொண்ணு நாளைக்குக் கட்டிக்கினு வேற ஊரு போயிடும். அது பேரு எதுக்கு?"

"எம் பேரும் எழுதுங்க. மூணுல ரெண்டு பங்கு என்னுதுங்க" என்றேன். பெயரை எழுத்து எழுத்தாகச் சொன்னேன். முதலில் தவறாக எழுதினார். அடித்துத் திருத்தச் சொன்னேன். திருத்தினார்.

வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் அம்மா எனக்கு முன்னால் வேகமாக நடந்தாள். இத்தனை நாள் பட்டது நினைவுக்கு வந்திருக்கிறது என்று நினைத்தேன். வேகமாக நடந்தாள். எங்கள் நிலத்து ஓரத்துக்கு வந்ததும் நின்றாள்.

"ஏண்டி. அங்க இன்னா சொன்ன?"

"என்னாம்மா?"

"மூணுல ரெண்டு ஒனக்கா? அப்ப எனக்கு ஒண்ணுதானா?"

"சட்டம் அப்படித்தாம்மா."

"அந்தாளு கூட இருவது வருசம் காட்டுல கெடந்து ஒழச்சது நானு. கெணறு வெட்டறப்ப மண்ணு சொமந்தது நானு. உன்னியப் பெத்ததும் நானு. எனக்கு ஒண்ணு, விடுதியில குந்திப் படிச்ச ஒனக்கு ரெண்டா? எவன்டி எழுதுனான் இந்தச் சட்டத்த?"

"வெள்ளக்காரன்."

"அவனுக்கு ஆத்தா இல்லியா?"

அம்மா வரப்பில் இறங்கி, சித்தப்பாவின் அறுவடை விட்டுப்போன தட்டைகளைப் பிடுங்கத் தொடங்கினாள். என் இரண்டு பங்கையும் தன் ஒரு பங்கையும் சேர்த்துத்தான் பிடுங்கினாள். கைக்கடிகாரத்தைக் கழற்றி முந்தானையில் முடிந்துகொண்டு நானும் குனிந்தேன்.